இரண்டு பொந்துகளும் ஒரு தேக்கிலையும்

தேக்கங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு கிழட்டு மருத மரம். அந்த மரத்தடியில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வைத்தியப் பள்ளி நடத்தின.

பள்ளியின் தலைவி மேதியம்மா என்ற எருமை. நம் ஊரில் சோம்பேறியைத் திட்டவேண்டும் என்றால் எருமை என்கிறோம். அந்தக் காட்டில் அது மரியாதைச் சொல்! மேதியம்மா கழுத்துவரை சேற்றில் அமிழ்ந்து, அசை போட்டபடியே பாடம் நடத்தும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் காலையில் வாயைத் திறந்தால் மத்தியானம்தான் மூடும். ஆனால் சொன்ன பதில் தப்பியதில்லை.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து கண்டுபிடித்த மாணவர் அதைத் தேக்கிலையில் எழுதவேண்டும். கொழுந்துத் தேக்கிலையை முள்ளால் கீறினால் எழுத்து ரத்தச் சிவப்பாய்த் தெரியும். இலையில் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது.

மருத மரத்தின் அடியில் இரண்டு பொந்துகள். பொந்துக்கு ஒருவராக இரண்டு வாசகர்கள் உள்ளே உட்கார்ந்து இலையைப் படிப்பார்கள். குரல் மட்டும்தான் வெளியே வரும். ஆள் யார் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு குரலும் "சரி" என்றால் இலை கிளையில் தொங்கும். தொங்கிய இலைதான் காட்டுக்குச் சட்டம். எழுதியவர் அன்றே வைத்தியர்!

பொந்துக்குள் யார் நுழைகிறார் என்று தலைவியும் பார்ப்பதில்லை. இலை வாசிக்கிற நாளில் மேதியம்மா மரத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். இதில் ஒரு கோளாறு இருந்தது. அது பின்னால் வருகிறது.

அந்தப் பள்ளியில் கூர்மூக்கன் என்று ஒரு கீரி படித்தது. பெயருக்கு ஏற்ற மூக்கு. அடுத்த காட்டில் ஒரு பாம்பு நெளிந்தால் இந்தக் காட்டில் இதன் மூக்கு துடிக்கும். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் அந்தப் பாம்பையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கூர்மூக்கன், சிலுப்பி என்ற முள்ளம்பன்றியிடம் ஓடிவந்தது. காட்டில் எழுதுகிறவர்கள் எல்லோரும் சிலுப்பியிடம்தான் முள் வாங்கவேண்டும்.

"அக்கா, ஒரு முள்ளு கொடுங்க! பாம்புக்கடிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டேன். காடே பேசப்போற இலை எழுதப்போறேன்!"

"எழுதுறதுக்கு முள்ளு தரேன்டா தம்பி. எழுதி முடிச்சப்புறம் குத்துறதுக்கும் முள்ளு வச்சிருக்கேன், பாத்துக்கோ!" என்றது சிலுப்பி.

இதைக் கேட்டுக்கொண்டே வந்தது பஞ்சி என்ற முயல். அதன் பின்னால் வரிசையாகக் குட்டிகள். எல்லாம் வயிறு ஒட்டிப்போய் இருந்தன.

"தம்பி, மெய்யாவே பாம்புக்கடி மருந்தா? எங்க மேட்டுல புல்லெல்லாம் கருகிப்போச்சு. அந்தப் புத்துப் பக்கம் அறுகம்புல்லு பச்சைப்பசேல்னு நிக்குது. உள்ள நாகப்பன் இருக்கானேன்னுதான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகல. உன் இலை தொங்கிச்சுன்னா போகலாம்ல?"

நாகப்பன் என்பது அந்தப் புற்றில் குடியிருந்த நாகப்பாம்பு.

"தாராளமா போங்கக்கா! கடிச்சா நஞ்சுமுறி வேர் ஒண்ணைக் கடிச்சுக்குங்க. அவ்வளவுதான்!" என்றது கூர்மூக்கன்.

பிறகு உட்கார்ந்து எழுதியது. எப்படி எழுதியது என்கிறீர்கள்? "ஆதியில் கடல் வற்றி மண் தோன்றியபோது, அந்த மண்ணில் முதலில் நடந்தது ஒரு கீரி" என்று ஆரம்பித்தது! பெயர்தானே போடக்கூடாது என்று பரம்பரையையே எழுதிவைத்தது. பாட்டன் கொன்ற பாம்பு, பூட்டன் விரட்டிய பாம்பு என்று இலை நிறைந்துவிட்டது. மருந்தைப் பற்றி எழுதக் காம்புப் பக்கம் கொஞ்சம்தான் இடம் இருந்தது. அங்கே நெருக்கி எழுதியது: "நஞ்சுமுறி வேரைப் பல நோயாளிகளுக்குக் கொடுத்தேன். எல்லோரும் பிழைத்தார்கள். மூன்றுலகும் வியந்தது."

வாசிப்பு நாள் வந்தது. மாணவர்கள் எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். மேதியம்மா முதுகைக் காட்டிப் படுத்தது. இலை முதலில் இடது பொந்துக்குள் போனது.

உள்ளே இருந்து ஒரு குரல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆஹா! ஆஹா! என்ன நடை! என்ன அறிவு! இப்படி ஓர் இலை இதுவரை இந்த மரத்தில் தொங்கியதில்லை. சரி, சரி, ஆயிரம் முறை சரி!"

கூர்மூக்கனுக்கு வால் விசிறி மாதிரி விரிந்தது. உடம்பு தரையிலேயே நிற்கவில்லை.

அடுத்து இலை வலது பொந்துக்குள் போனது. உள்ளே சலசல என்று முட்கள் உரசும் சத்தம் கேட்டது. ஆள் யாரென்று குளத்துத் தவளைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லோரும் எதுவும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். அதுதானே சட்டம்!

"குப்பை!" என்றது வலது பொந்து.

கூர்மூக்கனின் ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. "யாரு குப்பை? எது குப்பை?"

அசை போடுகிற சத்தம் நின்றது. மேதியம்மா திரும்பாமலே பேசியது. "வலது பொந்துல இருக்கிறவங்களே! குப்பைன்னு சொல்றது குறை சொல்றது ஆகாது, திட்டுறது. திட்டுறதுக்கு இலையைப் படிக்கவே வேண்டாமே! எந்த இடம் சரியில்ல, ஏன் சரியில்ல, எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க. சொல்லத் தெரியலன்னா கேள்வியாக் கேளுங்க."

பொந்துக்குள் முள் மெதுவாக உரசியது. குரலும் இறங்கி வந்தது.

"சரி, கேள்வியாவே கேக்குறேன். பல நோயாளிகள்னு போட்டிருக்கு. அவங்க யாரு யாரு?"

"என் தம்பி, என் சித்தப்பா, என் மாமன், அத்தை மகன், அத்தை மகனோட மச்சான்!" என்று கத்தியது கூர்மூக்கன். எழுதியது யார் என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பதையே அது மறந்துபோனது.

"எல்லாரும் கீரியா?"

"பின்னே? நாங்கதானே பாம்போட சண்டை போடுறோம்!"

"கடிபட்ட முயல் யாருக்காவது கொடுத்துப் பாத்தியா?"

"கடிபட்ட முயல் எங்க நின்னு பேசுது? அது அங்கேயே விழுந்துடுமே!"

மாணவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இருந்த முயல்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. கடிபட்டும் வேர் தின்னாத கீரி யாராச்சும் உண்டா? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

கூர்மூக்கன் இதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

இடது பொந்து அவசரமாகக் குறுக்கிட்டது. "இந்தச் சில்லறைக் கேள்விகளை விட்டுத்தள்ளுங்கள்! பாவம், முயல்கள் பசியால் வாடுகின்றன. அவை நன்றாக மேய்ந்து கொழுக்கவேண்டாமா? இலையை இப்போதே தொங்கவிடுங்கள்!"

எவ்வளவு நல்ல மனசு என்று கூர்மூக்கனுக்குக் கண் கலங்கியது. அடுத்த காட்டுப் பாம்பை மோப்பம் பிடிக்கிற மூக்கு அது. ஆனால் புகழ்ச்சி தலைக்கு ஏறினால் முதலில் மூக்குதான் அடைத்துக்கொள்ளும். வேண்டுமானால் அடுத்த முறை யாராவது உங்களைப் புகழும்போது சோதித்துப் பாருங்கள்.

கூர்மூக்கன் மேதியம்மாவின் முன்னால் போய் நின்றது. "அம்மா, வலது பொந்தை மாத்துங்க! அதுக்கு என்மேல பொறாமை!"

மேதியம்மா நிதானமாக மென்றது. விழுங்கியது. மறுபடியும் மென்றது.

"மாத்துறேன்" என்றது கடைசியில். "அதுக்கு முன்னாடி அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலைக் கொண்டா. உன்கிட்ட பதில் இருந்தா பொறாமை என்ன பண்ணும்?"

கூர்மூக்கன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடியது. அங்கே அதன் பெரியப்பா வளை வாசலில் வயிற்றைத் தடவியபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாம்புச் சண்டையில் பெரியப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. உடம்பெல்லாம் பல் பட்ட வடு.

"பெரியப்பா! கடிபட்டப்போ எல்லாம் நஞ்சுமுறி வேர் எவ்வளவு தின்னீங்க?"

"வேரா? சீச்சீ! ஒரே கசப்பு! அதை நான் தொட்டதே இல்லடா."

"தொட்டதே இல்லையா? அப்போ எப்படிப் பிழைச்சீங்க?"

"குப்புறப் படுத்து ஒரு தூக்கம் போடுவேன். எழுந்தா நல்லாப் பசிக்கும். கீரி உடம்புடா இது! விஷம் நம்மகிட்ட லேசுல வேலை காட்டாது. உன் சித்தப்பன் வேரையும் தின்பான், மண்ணையும் தின்பான். அவன் பிழைச்சது வேராலன்னு எவன் சொன்னான்?"

கூர்மூக்கனின் வால் தொங்கிப்போனது.

"ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"நான்தான் சொன்னேன் பெரியப்பா... இலையில எழுதிச் சொன்னேன்."

வேர் யாரையும் பிழைக்கவைக்கவில்லை. கீரியாகப் பிறந்ததுதான் பிழைக்கவைத்தது. முயல் கீரி இல்லையே!

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு மைனா கத்திக்கொண்டே பறந்தது. "சேதி கேட்டீங்களா! பாம்புக்கடிக்கு மருந்து வந்தாச்சு! ஒரு பொந்து சரின்னு சொல்லிடுச்சு! இன்னொண்ணும் சொல்லிடுமாம்! பஞ்சியக்கா பிள்ளைங்களோட புத்துக்குக் கிளம்பியாச்சு!"

கூர்மூக்கன் ஓடிய ஓட்டத்தில் அதன் நிழல் பின்தங்கிவிட்டது. நிழல் மறுநாள்தான் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

புற்றருகே பஞ்சி வாயில் ஒரு வேரைக் கவ்விக்கொண்டு நின்றது. குட்டிகள் அம்மாவின் பின்னால் ஒண்டியிருந்தன. முன்னால் அறுகம்புல் பச்சையாய் அசைந்தது. புற்றின் மேல் நாகப்பன் படத்தைச் சுருக்கிவைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிறவர் மாதிரி தலையை ஆட்டியது.

"வாருங்கள், வாருங்கள்! கூச்சப்படாமல் மேயுங்கள்! சின்னவர்களை முன்னால் விடுங்கள். அதுதான் மருந்து இருக்கிறதே!"

கூர்மூக்கன் அந்தக் குரலைக் கேட்டது. அடைத்திருந்த மூக்கு படீரென்று திறந்துகொண்டது. மரத்தடியில், இடது பொந்தில், காலையிலிருந்து வீசிய வாடை இப்போதுதான் உறைத்தது.

"அக்கா, நில்லுங்க! ஒரு அடி வைக்காதீங்க! என் இலை தப்பு!"

பஞ்சி திடுக்கிட்டு வேரைக் கீழே போட்டது. "தப்பா? நீதானே தாராளமா போங்கன்னு சொன்னே?"

"சொன்னேன்க்கா. தெரியாமச் சொன்னேன். அந்த வேர் உங்களைக் காப்பாத்தாது. ஓடுங்க!"

"அடடா, எழுத்தாளரே! இவ்வளவு தன்னடக்கம் எதற்கு?" என்றது நாகப்பன். "மூன்றுலகும் வியந்தது! என்ன நடை, என்ன நடை!"

"இடது பொந்துல இருந்தது நீயா!"

"நான் வெறும் வாசகன். நல்ல எழுத்தைப் படித்தால் எனக்குப் பசி எடுக்கும்."

சொல்லிக்கொண்டே நாகப்பன் பாய்ந்தது. குட்டிகள் சிதறி ஓடின. கூர்மூக்கன் குறுக்கே விழுந்தது. பல் தோளில் இறங்கியது. பதிலுக்குக் கூர்மூக்கனின் பல்லும் நாகப்பனின் கழுத்தில் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒரே புழுதி. கடைசியில் நாகப்பன் எப்படியோ உருவிக்கொண்டு, கிழிந்த தோலோடு புற்றுக்குள் வழுக்கிப் போய்விட்டது. தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

கூர்மூக்கனுக்குத் தலை சுற்றியது. பக்கத்திலேயே பஞ்சி போட்ட வேர் கிடந்தது. ஆனால் கூர்மூக்கன் அதைத் தொடவில்லை. குப்புறப் படுத்து ஒரு தூக்கம் போட்டது. எழுந்தது. நன்றாகப் பசித்தது.

இலைக்கு இன்னொரு வரி கிடைத்துவிட்டது!

பஞ்சி குட்டிகளோடு தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. "வலிக்குதா தம்பி?" என்று கேட்டது.

"தோள் வலிக்கலக்கா. அந்தக் கேள்வியைப் பொறாமைன்னு சொன்னேனே, அதுதான் வலிக்குது."

கூர்மூக்கன் மறுபடியும் சிலுப்பியிடம் போய் நின்றது.

"அக்கா, இன்னொரு முள்ளு வேணும்."

"எதுக்குடா?"

"வலது பொந்துல இருந்து யாரோ நல்ல கேள்வியாக் கேட்டாங்க. அவங்க கேக்கலன்னா இன்னைக்குக் குட்டிங்க இல்ல. அதான் திருத்தி எழுதணும். யாருன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியலையே!" என்ற சிலுப்பி, சலசலவென்று சிலிர்த்து, தன் முதுகில் இருந்ததிலேயே நல்ல முள்ளாகப் பார்த்துக் கொடுத்தது. "அந்த ஆளு முதல்ல குப்பைன்னு சொல்லுச்சாமே? அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுன்னு அதுக்கும் தோணியிருக்கும்."

இந்த முறை இலையில் ஆதியும் இல்லை, கடலும் இல்லை, பூட்டனும் இல்லை. கூர்மூக்கன் இப்படி எழுதியது: "கடிபட்ட கீரிகளில் வேர் தின்றவையும் பிழைத்தன. தின்னாதவையும் பிழைத்தன. ஆகவே வேரால் பிழைத்ததாகச் சொல்ல முடியாது. கீரி அல்லாத யாருக்கும் நான் கொடுத்துப் பார்க்கவில்லை. முயல்களே, வேரை நம்பிப் புற்றுப் பக்கம் போகவேண்டாம்."

மேதியம்மாவும் தன் வழக்கத்தைத் திருத்திக்கொண்டது. "முதுகைக் காட்டிப் படுத்தது என் தப்பு. இனிமே பொந்துக்குள்ள போறவங்க, இந்த இலை தொங்கினா தனக்கு என்ன லாபம்னு என் காதுல சொல்லிட்டுப் போகணும். வெளிய யாருக்கும் நான் சொல்லமாட்டேன்."

மறுபடியும் வாசிப்பு. இடது பொந்துக்குப் போக யாரோ மேதியம்மாவின் காதில் கிசுகிசுத்தார்கள். மேதியம்மா அசை போட்டது. "உயிர் பிழைக்கணும்னு நினைக்கிறது தப்பான லாபம் இல்ல. போ!" என்று அதுவும் கிசுகிசுத்தது.

இடது பொந்தில் இருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "எனக்குப் புரியுது. என் பிள்ளைங்களுக்கும் புரியும். சரி."

வலது பொந்தில் முட்கள் உரசின. "நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசி வரியை முதல் வரியாப் போடு. பசியில இருக்கிறவங்க இலையைக் கடைசிவரைக்கும் படிக்க மாட்டாங்க."

கூர்மூக்கன் யோசித்துப் பார்த்தது. "அட, ஆமா!" என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதியது.

"சரி!" என்றது வலது பொந்து.

இலை கிளையில் தொங்கியது. மருந்து இல்லை என்று சொல்லி மரத்தில் தொங்கிய முதல் இலை அதுதான். கூர்மூக்கன் அன்றே வைத்தியர் ஆனது.

முயல்களின் பசி? அதற்கும் வழி பிறந்தது. கூர்மூக்கன் தினமும் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழே பஞ்சியும் குட்டிகளும் அறுகம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தன. நாகப்பன் மூச்சுக்கூட விடவில்லை. குட்டிகள் உருண்டு திரண்டு பந்து மாதிரி ஆயின.

இதற்கிடையில் கூர்மூக்கனும் பொந்துக்குள் உட்கார்ந்து பிறர் இலைகளைப் படிக்க ஆரம்பித்தது. ஒருமுறை மயில் ஓர் இலை கொண்டுவந்தது. "நான் ஆடினால் மழை வரும், மழை வந்தால் வியர்க்குரு போகும், ஆகவே என் ஆட்டமே வியர்க்குருவுக்கு மருந்து" என்று எழுதியிருந்தது. கூர்மூக்கனுக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு பணிவாகக் கேட்டது: "ஐயா, நீங்க ஆடினப்புறம் மேகம் வந்துச்சா? மேகம் வந்தப்புறம் ஆடினீங்களா?" மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு, "பாத்துட்டு வந்து சொல்றேங்க" என்று போனது.

கூர்மூக்கனும் சும்மா இருக்கவில்லை. "கீரி காவல் இருந்தால் முயல் அஞ்சாமல் மேயலாம்" என்று அடுத்த இலையைப் பெருமையோடு எழுதி மரத்தடிக்குக் கொண்டுபோனது.

வலது பொந்து சலசலத்தது. "நீ காவலுக்கு வராத நாள் உண்டா? அப்போ என்ன ஆச்சு? அதையும் பாத்தியா?"

கூர்மூக்கன் விழுந்து விழுந்து சிரித்தது. இலையை வாங்கிக்கொண்டு, "திருத்திட்டு வரேன்க்கா... மன்னிக்கணும், யாருன்னே தெரியாத வாசகரே!" என்று சொல்லிவிட்டு ஓடியது.

நாம் எழுதியதை ஆஹா என்று புகழும் குரலைவிட, அதில் ஏன், எப்படி என்று கேட்கும் குரலே நமக்கும் நம் எழுத்தை நம்புகிறவர்களுக்கும் உண்மையான துணை.